மணியில்லாப் பள்ளியின் தலைமை ஆசிரியர்

காலை ஏழு ஐம்பதுக்குக் கலைப்பிரியா திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் பேருந்து ஏறுவாள். விழுப்புரத்தில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் பதினோரு வருடமாகக் கணக்கு ஆசிரியை. அவள் கிளம்பியதும் வீட்டில் விடுதலை தொடங்கும். விடுதலை என்பது அவள் கணவன் வேங்கடேசனின் சொல்.

விடுதலை பெற்றவள் மகள் இசைவாணி. பத்து வயது. நான்காம் வகுப்பு முடிந்ததும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டான் வேங்கடேசன். பெங்களூரில் பதினான்கு வருடம் மென்பொருள் எழுதிவிட்டு ஊர் திரும்பியவன். பள்ளிக்கூடம் என்பது தொழிற்சாலைக்கு ஆள் தயாரிக்கும் இடம் என்று ஒருவர் பேசிய காணொளியை மூன்று முறை பார்த்திருந்தான். அந்தத் தொழிற்சாலையில் சம்பாதித்துத்தான் இந்த வீட்டைக் கட்டினான் என்பது காணொளியில் வரவில்லை.

முதல் ஆறு மாதம் அவனே பாடம் சொல்லிக்கொடுத்தான். கடினமாக இருந்தது. இதற்கு ஒரு கருவி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கருவியைச் செய்ய ஆரம்பித்ததும் பாடம் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லாமல் போயிற்று.

கருவியின் பெயர் மணியில்லாப் பள்ளி. வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கான இணையதளம். தாயோ தகப்பனோ வாரம் ஒரு பாடத்திட்டம் எழுதிப் பதிவேற்றலாம். பிள்ளை அன்றன்றைக்கு முடித்ததற்கு டிக் போடலாம். முகப்பில் மூன்று வரிகள் இருந்தன. இங்கே மணி அடிக்காது. ரேங்க் கிடையாது. யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம்.

கலைப்பிரியா படித்தாள்.

"அப்ப வேற என்னதாங்க இருக்குது?"

"சுதந்திரம்."

"அதுக்கு எதுக்குங்க பாஸ்வேர்டு?"

அவளிடம் அவன் வாதாடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவள் பாடக்குறிப்பு எழுதுவதை வருடக்கணக்கில் பார்த்துச் சிரித்தவன். திங்கட்கிழமை தலைமை ஆசிரியையிடம் கையெழுத்து வாங்குவதற்காக, போன வருட நோட்டைப் பார்த்து இந்த வருட நோட்டில் எழுதுவாள். தேதி மட்டும் புதிது. அப்படிப்பட்டவளுக்குச் சுதந்திரம் புரியாது.

பிப்ரவரியில் தளம் திறந்தது. முதலில் சேர்ந்தவர் கிளியனூர் குமரேசன். மல்லாட்டை எனும் வேர்க்கடலையும் தர்பூசணியும் பயிரிடுகிறவர். அவர் மகனுக்கும் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் வீட்டுக் கல்வி. பத்தாம் நாள் தொலைபேசியில் வந்தார்.

"எல்லாம் நல்லா இருக்குது சார். பெல்லு ஒண்ணு வெச்சிடுங்க."

"பெல் வேணாம்னுதாங்க இதையே ஆரம்பிச்சேன். பேரைப் பாருங்க."

"பேரு இருக்கட்டும் சார். நான் கொல்லையில களை எடுத்துக்கினு நிக்கிறேன். பையன் காலையில ஒரு பாடத்தைத் தொறந்து வெச்சிக்கினு மத்தியானம் வரைக்கும் அதையே மொறைச்சிக்கினு கெடக்கிறான். முக்கா மணிக்கு ஒரு தபா பெல் அடிச்சா அவனும் அடுத்த பாடத்துக்குப் போவான், நானும் கூழு குடிக்க வருவேன்."

வேங்கடேசன் மறுத்தான். குமரேசன் மூன்று நாள் தளத்தின் பக்கம் வரவில்லை. பயன்படுத்தும் குடும்பங்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஒன்றானது. அந்த ஒன்று அவன் வீடு. நான்காம் நாள் மணி வைத்தான். 'கவனத் தூண்டல்' என்று அதற்குப் பெயர் கொடுத்தான். குமரேசன் பெல் என்றே சொன்னார். சத்தம் பொம்மை மாதிரி இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் தண்டவாளத் துண்டைத் தட்டுவது போல வேண்டும் என்றார். அதையும் வைத்தான்.

அடுத்து குயிலாப்பாளையம் வல்லரசு. ஆரோவில்லில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிலர் பள்ளிக்குப் போகாமலே வளர்வதைப் பார்த்து, இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று மகளையும் நிறுத்தியிருந்தார்.

"ரேங்க் எங்க சார்?"

"போட்டி குழந்தைங்க மனசைக் கெடுத்துடும் வல்லரசு. நீங்க வேலை செய்யற எடத்துல ரேங்க் பாத்திருக்கீங்களா?"

"அவுங்களுக்கு வேணாம் சார். அவுங்க புள்ளைங்க ஒண்ணுமே படிக்கலைன்னாலும் ஜெர்மனிக்குப் போய்க்கலாம். எம் பொண்ணு எங்க சார் போவும்?"

வேங்கடேசன் ரேங்க் வைத்தான். எத்தனை டிக் என்பதுதான் அளவு. வல்லரசின் மகள் இரண்டாவது வந்தாள். வல்லரசு உடனே கூப்பிட்டு முதல் ரேங்க் யார், எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். வேங்கடேசன் சொல்லவில்லை. அது இசைவாணி.

கோட்டக்குப்பம் ஃபஸீஹாவின் குறை வேறு. அவள் கணவர் மஸ்கட்டில் இருந்தார். வீட்டில் இரண்டு பையன்கள்.

"அண்ணே, அவரு தெனம் போன் பண்ணி யாரு பாடத்தைப் பாக்கறாங்கன்னு கேக்கறாரு. நான்தான் பாக்கறேன்னா நம்ப மாட்டேங்கறாரு. பேஜாரா இருக்குது. எதனா ஒரு கையெழுத்து வேணும்ணே."

"நீங்க அம்மா. உங்களைவிடப் பெரிய ஆள் யாருங்க?"

"அதெல்லாம் பேச்சுக்கு நல்லாருக்கும்ணே. ஹெட்மாஸ்டர்னு போட்டு ஒரு சைன். பக்கத்துல ரவுண்டா ஒரு சீலு, ஊதா கலர்ல. ஜல்தியா பண்ணிக் குடுங்க. பெருநாளைக்கு வர்றாரு."

தலைமை ஆசிரியர் யார் என்ற கேள்வி வந்தது. வேறு ஆள் இல்லை. வேங்கடேசன் தன் பெயரைப் போட்டான். கறுப்பு மையில் கையெழுத்திட்டு, படம் எடுத்து, ஏற்றி, மனைவியிடம் காட்டினான்.

"எச்.எம். பச்சை இங்க்லதாங்க போடுவாங்க," என்றாள் கலைப்பிரியா.

பச்சையாக்கினான். அவள் கேலி செய்தாள் என்பது மறுநாள்தான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் எல்லாருக்கும் அது பிடித்துப்போயிருந்தது.

குமரேசன் மட்டும் திருப்திப்படவில்லை. "சைன் போடாமலே அடுத்த வாரம் தொறந்துக்குது சார். அப்புறம் சைனுக்கு என்னா மரியாதை?" வேங்கடேசன் பூட்டு வைத்தான். இனி பெற்றோர் திட்டம் அனுப்ப வேண்டும். தலைமை ஆசிரியர் பச்சை மையில் கையெழுத்திட வேண்டும். அதுவரை புது வாரம் திறக்காது. பழைய பாடமே திரையில் நிற்கும்.

"இப்பதான் சார் பள்ளிக்கூடம் மாதிரி இருக்குது," என்றார் குமரேசன். இன்னும் ஆறு குடும்பங்களை அவரே அழைத்துவந்தார்.

மார்ச் கடைசியில் கலைப்பிரியா தன் பள்ளியின் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்தாள். ஆறாம் வகுப்பு. வயதை வைத்துச் சேர்த்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். தகப்பன் கையெழுத்து வேண்டும். ஏப்ரல் முப்பது கடைசி நாள்.

"நான் போட மாட்டேன்," என்றான் வேங்கடேசன்.

"சரி, ஒண்ணு பண்ணலாம். உங்க மணியில்லாத பள்ளிக்கூடத்தை பத்துக் குடும்பம், ஏப்ரல் மாசம் நாலு வாரமும் விடாம நடத்திக் காட்டட்டும். நடந்துச்சுன்னா இவ வீட்லயே இருக்கட்டும். நான் அப்புறம் வாயே தொறக்க மாட்டேன். நடக்கலைன்னா ஜூன்ல எங்கூட பஸ் ஏறுவா."

"ஒம்பது குடும்பம் இருக்குது."

"நம்ம வீட்டையும் சேத்துக்கோங்க."

சேர்த்துக்கொண்டான். இசைவாணி பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. 'குழந்தையின் விருப்பமே பாடத்திட்டம்' என்ற வரிக்கு எந்த எழுத்துரு பொருந்தும் என்று வேங்கடேசன் அப்போது பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் முதல் வாரத்துக்கு மகளின் திட்டத்தை அவனே எழுதினான். 'ஒரு பொருளை ஒரு வாரம் முழுவதும் உற்றுப் பார்த்தல். பொருள்: இலை.' தானே கையெழுத்தும் போட்டான். நல்ல திட்டம் என்று அவனுக்குப் பட்டது.

அதன் பிறகு வேலை கூடியது. தலைமை ஆசிரியருக்கு இத்தனை வேலை இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. திங்கட்கிழமை ஒன்பது திட்டங்கள் வந்தன. செவ்வாய்க்கிழமை விடுப்புக் கடிதங்கள். வல்லரசின் மகள் காய்ச்சல் என்று, வழக்கமான அதே வாசகத்தில், தன் வீட்டிலிருந்து தன் வீட்டுக்கு லீவு கேட்டிருந்தாள். அதை அனுமதிக்க ஒரு பக்கம் செய்ய வேண்டியிருந்தது. ஃபஸீஹா பிராகிரஸ் கார்டு கேட்டாள். குமரேசன் மகனைக் கண்டிக்கச் சொன்னார். வேங்கடேசன் தொலைபேசியில் கண்டித்தான். தன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

திட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க நேரம் இல்லை. அனைத்துக்கும் ஒரே தட்டில் கையெழுத்திட ஒரு பொத்தான் செய்தான். தளத்திலேயே நன்றாக வேலை செய்தது அதுதான்.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை இசைவாணி வந்து நின்றாள்.

"அப்பா, இலை முடிஞ்சிருச்சு."

"அப்பா மீட்டிங்ல இருக்கேன் கண்ணு. ஸ்க்ரீன்ல என்ன வருதோ அதைப் பண்ணு."

திரையில் இலை வந்தது. அவள் அதைப் பண்ணினாள். டிக் போட்டாள். பழைய பாடத்துக்கே மறுபடி டிக் போட்டாலும் தளத்தின் கணக்குப் பலகையில் அந்த வாரத்துக்குப் பச்சை விளக்கு எரியும். அப்படி ஓர் ஓட்டை இருப்பது வேங்கடேசனுக்குத் தெரியும். ஏப்ரல் முடியட்டும், அடைத்துக்கொள்ளலாம் என்று இருந்தான்.

ஏப்ரல் முப்பது அன்று விழுப்புரத்தில் பெற்றோர் சந்திப்பு வைத்தான். ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். வேண்டுமென்றே விழுப்புரம். மனைவி பள்ளியிலிருந்து நடந்தே வந்துவிடலாம். பத்துப் பச்சை விளக்குகளை அவள் நேரில் பார்க்க வேண்டும்.

மூன்று மணிக்குக் குடும்பங்கள் வந்தன. ஃபஸீஹா ஒரு தூக்கு நிறைய சம்சா கொண்டுவந்தாள். வல்லரசு பன் கொண்டுவந்தார். பிள்ளைகளை இஷ்டம் போல உட்காரச் சொன்னான் வேங்கடேசன். அவர்கள் உயர வரிசையில் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. குமரேசனின் மகன் "வணக்கம் சார்" என்று இழுத்து ஆரம்பித்தான். மற்றவர்கள் சேர்ந்து முடித்தார்கள். மூன்றே முக்காலுக்கு எல்லாத் தொலைபேசிகளிலும் தண்டவாளம் ஒலித்தது. பிள்ளைகள் எழுந்து வெளியே ஓடினார்கள். பெற்றோர்களுக்கு முகம் மலர்ந்தது.

"யூனிபாரம் ஒண்ணுதான் சார் பாக்கி," என்றார் குமரேசன்.

"வீட்ல இருந்து படிக்கறதுக்கு எதுக்குங்க யூனிபாரம்?"

"வூட்ல கைலியோட உக்காந்துக்கினு இருக்கிறான் சார். பாக்க நல்லாவா இருக்குது?"

நான்கு மணிக்குக் கலைப்பிரியா வந்தாள். தோள்பையில் படிவம் இருந்தது. ஐந்து மணிவரை அவள் பள்ளி அலுவலகம் திறந்திருக்கும். வேங்கடேசன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். பத்து வரி. நான்கு வாரம். நாற்பது கட்டங்களும் பச்சை. அவள் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். அது அவள் வழக்கம்.

"சரிங்க," என்றாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

இதோடு விட்டிருக்கலாம். வேங்கடேசன் மைக்கைப் பிடித்து, தலைமை ஆசிரியரின் மகளே பேசப்போகிறாள் என்றான். முதல் ரேங்க் யார் என்று வல்லரசுக்கு அப்போது புரிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த ஒரு மாசத்துல என்ன கத்துக்கிட்டன்னு எல்லாருக்கும் சொல்லும்மா."

"இலை," என்றாள் இசைவாணி. "முருங்கையில நாம இலைன்னு சொல்றது முழு இலை இல்ல. ஒரு பெரிய இலையோட சின்னச் சின்னத் துண்டு. வேப்பிலையும் அப்படித்தான். பூவரசு இலையைத் திருப்பிப் பாத்தா, காம்புகிட்ட நடு நரம்புல குட்டியா ஒரு பள்ளம் இருக்கும். அதுல தேன் மாதிரி ஊறும். எறும்பு வந்து குடிக்கும். மழை பேஞ்ச மறுநாள் குடிக்க வரல. ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு."

நோட்டைத் திறந்து காட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் இலைகள். முதல் பக்கத்தில் கோணலாக இருந்தவை, போகப்போக நரம்பு நரம்பாக நேராகியிருந்தன. கூடம் கைதட்டியது. கலைப்பிரியாவும் தட்டினாள். பூவரசு இலையின் பள்ளம் அவளுக்குத் தெரியாது.

"சூப்பர் பாப்பா," என்றார் வல்லரசு. "அடுத்த வாரம் என்ன படிச்ச?"

"இலை."

"அதுக்கு அடுத்த வாரம்?"

"இலைதான் அங்கிள். ஆனா எங்க தெருவுல எல்லா இலையும் தீந்துபோச்சு. சாம்பாருக்கு வாங்கின கொத்தமல்லியை வரைஞ்சேன்."

"கணக்கு?"

"கொத்தமல்லிய எண்ணினேன்."

யாரோ சிரித்தார்கள். வேங்கடேசன் மைக்கை வாங்கினான்.

"இதுக்கு ஆழக் கற்றல்னு பேரு. ஃபின்லாந்துல எல்லாம் ஒரே விஷயத்தை மாசக்கணக்குல..."

"இல்லப்பா," என்றாள் இசைவாணி. "நீ பிளான் எழுதலை. சைன் போடலை. அதனால அடுத்தது தொறக்கலை."

வேங்கடேசன் மைக்கை அணைத்தான்.

"எச்.எம். வூட்டுப் புள்ளைக்கே சைன் விழலையா?" என்றார் குமரேசன். கோபம் இல்லை. உண்மையான வியப்பு.

ஃபஸீஹா சம்சாத் தூக்கை மூடினாள். "எங்க பிளானெல்லாம் படிச்சிப் பாத்துத்தான போட்டீங்க அண்ணே?"

"பாத்துத்தாங்க போட்டேன்."

"மூணாவது வாரம் நான் என்னா எழுதியிருந்தேன்?"

வேங்கடேசன் மடிக்கணினியை நோக்கிக் கையை நீட்டினான்.

"தேடாதீங்கண்ணே. அதுல ஒண்ணுமே இல்ல. எங்க நாத்தனார் வீட்ல கல்யாணம். வெறும் பக்கத்தை அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல சீலு குத்தி வந்துருச்சு. அவருக்கு அனுப்பி வெச்சேன். மாஷா அல்லாஹ்ன்னு பதில் போட்டாரு."

"அட, நான் மட்டும்தான்னு நெனைச்சேன்," என்றார் குமரேசன். "நாலு வாரமும் ஒரே பிளான்தான் சார். தேதிய மட்டும் மாத்திக்கினு வந்தேன். பள்ளிக்கூடத்துல டீச்சருங்களே அப்படித்தான எழுதுறாங்க?"

கலைப்பிரியா மின்விசிறியைப் பார்த்தாள்.

வேங்கடேசன் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள் என்று காத்திருந்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. வல்லரசு பன்னைப் பிட்டுத் தின்றுகொண்டே யோசித்தார்.

"இதுக்கெல்லாம் மனசை விட்டுடாதீங்க சார். எச்.எம்.முக்கு மேல ஒரு ஆபீசரப் போடுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தபா இன்ஸ்பெக்ஷன். திடீர்னு லாகின்ல வந்து நிக்கணும். அப்புறம் பாருங்க, எல்லாம் ஒழுங்கா எழுதுவோம்."

"ஆமா சார்," என்றார் குமரேசன். "பயம் வேணும் இல்ல?"

அதைச் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று வேங்கடேசனின் மனம் தானாகக் கணக்குப் போட்டது. இரண்டு வாரம்.

நான்கு நாற்பது ஆகியிருந்தது. கலைப்பிரியா எழுந்து முன்னால் வந்தாள். அவள் திட்டுவாள் என்று அவன் நினைத்தான். திட்டினால் பதில் சொல்லலாம்.

"பத்துக் குடும்பம், நாலு வாரம். நான் கேட்டது அதுதான். அதுல என்ன படிக்கணும்னு நான் கேக்கல. என் தப்பு. சொன்ன சொல்லு சொல்லுதாங்க. நான் வாய் தொறக்க மாட்டேன்."

பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். இரண்டாக மடித்தாள். கிழிக்கப்போனாள். இசைவாணி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மேசை ஓரத்தில் உட்கார்ந்து மடிப்பை நீவினாள். ஃபஸீஹாவிடம் பேனா கேட்டாள். பெயர் எழுதினாள். பிறந்த தேதி எழுதினாள். சேர விரும்பும் வகுப்பு என்ற இடத்தில் 6 என்று எழுதி, யாரும் மாற்ற முடியாதபடி எழுத்திலும் எழுதினாள். தகப்பன் தொழில் என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்தாள். தலைமை ஆசிரியர் என்று எழுதினாள். ஒவ்வொரு கட்டமும் நிரம்பியது. கடைசிக் கட்டம் மட்டும் காலி.

பெற்றோர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கலைப்பிரியா வாய் திறக்கவில்லை. இசைவாணி படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்து அவன் மடிக்கணினியின் மேல் வைத்தாள்.

"அப்பா, இதுக்கு இப்பவே சைன் போடறியா, இல்ல இதுக்கும் திங்கக்கிழமை பிளான் அனுப்பணுமா?"